அப்பா லாரியின் பின்பலகை

நஜஃபாபாத்
நௌரூஸ் புத்தாண்டு கழிந்து ஆறாவது வாரம், வியாழக்கிழமை

அன்பு மகள் மர்ஸியேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் இறைவன் அருளால் சுகம், என் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், போன வெள்ளிக்கிழமை போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்ன மாதிரி. முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா லாரியின் பின்பலகையில் இருக்கும் கவிதையைப் பற்றி நீ உன் ஆராய்ச்சிக்கு நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாய் அல்லவா, அது அப்பா எழுதச் சொன்னது இல்லை. நான் சொன்னது.

பாதையே, உன்னிடம் கொடுத்தது ஒன்றே ஒன்று,
கீறல் விழாமல் திருப்பிக் கொடு.

இதைத்தான் நீ, ஒரு லாரி ஓட்டுநர் தொலைந்துபோன தன் இளமையைப் பாதையிடம் திருப்பிக் கேட்கிறான் என்று எழுதி, நௌரூஸ் அன்று எனக்குப் படித்தும் காட்டினாய். நான் சாதர் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன், நான் அழுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். சிரிப்பை அடக்கினேன் மகளே. இளமையாவது ஒன்றாவது. உன் அப்பாவைத்தான் கேட்டேன், முழு ஆளாக, இரண்டு செருப்போடும். நீ வயிற்றில் ஏழு மாதம், அவர் கல் ஏற்றிக்கொண்டு பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போனவர் மூன்று நாள் சேதி இல்லை, அந்தப் பாதையில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டது என்று மட்டும் கேள்விப்பட்டோம். நாலாம் நாள் அவர் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து பசிக்கிறது என்றார். அடுத்த வாரம் பலகைக்குப் புது வண்ணம் அடிக்கப் போனபோது ஒரு சீட்டில் இந்த இரண்டு வரியையும் எழுதி ரொட்டித் துணிக்குள் வைத்து எழுத்துக்காரருக்கு அனுப்பினேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, அதற்குமேல் என்னைப் படிக்க வைத்தவர் யாரும் இல்லை.

நீ அவ்வளவு சந்தோஷமாகப் படித்ததால் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்பாவின் இளமை இருக்கட்டும், அவருக்கும் பெருமைதானே என்று நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வரிகளைத் தேர்ந்தெடுத்தது ஓட்டுநர்தான் என்பதற்கு என்ன சான்று என்று உன் பேராசிரியை அம்மாள் கேட்டார்களாம், அடுத்த மாதம் குழு கூடும்போது இந்த அத்தியாயம் நிற்காவிட்டால் உதவித்தொகையும் நிற்குமாம், அதனால் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றாய். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் தோற்று வராதே, கோபத்தில் வந்தால் நீ என் சமையலைக் குறை சொல்வாய். அந்த அம்மாள் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மடத்தனம் என்னுடையது.

மறுநாள் காலையில் அப்பா லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்த காலைத் தட்டி, உங்கள் வண்டியின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு வரி சொன்னார். அது நம் லாரியில் இருப்பது இல்லை, எப்போதும் அவருக்கு முன்னால் ஓட்டிப் போகும் ரஹ்மான் அண்ணன் லாரியில் இருப்பது. இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுகிற வண்டி. நான் சிரித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி ஓட்டுறவன் முன்னாடி பாப்பானா, பின்னாடி பாப்பானா? எனக்குத் தெரியறது ரஹ்மான் வண்டியோட முதுகு. என் முதுகுல என்ன இருக்குன்னு நீதான் ஷம்சி சொல்லணும்" என்றார்.

அவர் சொன்னதை மனதில் போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன். வண்டி புறப்படும்போது பின்னால் தண்ணீர் ஊற்றுவது யார்? சின்ன வயதில் அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாயே, போகிறவர் நல்லபடி திரும்ப வேண்டும் என்று வீட்டில் இருப்பவள்தானே தெருவில் நின்று ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, வண்டி முனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நிற்பது எதை? அந்தப் பலகையைத்தான். தான் எத்தனையோ தடவை படிக்கப்போவதைத் தானே சொல்லி எழுதவைக்கிறாள், இதில் என்ன அதிசயம்? எனக்கு இது எப்போதுமே தெரியும், ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேண்டியிருக்கும் என்று தெரியாது.

சான்றுக்கு எங்கே போவது என்று யோசித்து, லாரி எழுத்துக்காரர் யதுல்லா பட்டறைக்குப் போனேன். அந்த ஆள் பேச ஆரம்பித்தால் வண்ணம் காய்ந்துவிடும், ஆனால் மனுஷன் தங்கம். இந்த மாதிரி இந்த மாதிரி, என் மகளுக்கு வேண்டும் என்றேன். சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுக் கத்தையை எடுத்துக் காட்டினார். "ஆம்பளைங்க வந்து கலரைத்தான் சொல்லுவாங்க அக்கா. எழுத்து மடிச்ச சீட்டுல வரும், ஆளுக்கு என்ன இருக்குன்னே தெரியாது. நாளைக்கு ஒரு எழுத்து குறைஞ்சா வீட்டுலேர்ந்து சண்டைக்கு வருவாங்க, அதுக்குத்தான் ஒண்ணையும் தூக்கிப் போடறதில்ல" என்றார். மர்ஸியே, அந்தக் கம்பியில் அடியிலிருந்து மூன்றாவதாக இருந்தது என் சீட்டு. ரொட்டி எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. கம்பியைக் கொடுக்க மாட்டேன், நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், அறுபத்து மூன்றையும் நகல் எடுத்துப் பார்சலில் வைத்திருக்கிறேன்.

அதோடு விடவில்லை. பக்கத்து வீட்டு இஷ்ரத்தைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் வீடுவீடாகப் போனேன், சீட்டைக் காட்டி இது யார் கையெழுத்து என்று கேட்டேன். சில பேர் புது மணப்பெண் மாதிரி முகத்தை மூடிக்கொண்டார்கள். நாற்பத்தொன்றுக்கு ஆள் தெரிந்துவிட்டது, அதில் முப்பத்து நாலு பேர் பெண்கள், பெண்டாட்டி, அம்மா, ஒரு சீட்டு கல்யாணம் ஆகாத தங்கை. ஏழு ஆண்களும் உண்டு, ரஹ்மான் அண்ணனுடையது தேநீரைப் பற்றி, அவருடையதேதான். அதனால் எல்லாம் பெண்கள் எழுதியது என்று எழுதிவிடாதே, மறுபடியும் அந்த அம்மாள் சான்று கேட்பார்கள். இஷ்ரத் வீட்டுக் கதை தெரியுமா? அவள் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறாள், அவள் மாமியாரும் ரகசியமாக ஒன்று அனுப்பியிருக்கிறார். யதுல்லா யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இடது பக்கம் அம்மா, வலது பக்கம் பெண்டாட்டி, நடுவில் நம்பர் பலகை என்று எழுதிவிட்டார். அந்த வண்டியை நீயே படம் எடுத்திருக்கிறாய், இரண்டு பக்கமும் ஏன் வேறு வேறு அளவு எழுத்து என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். மாமியார் சீட்டில் 'பெரிதாக' என்று அடிக்கோடு போட்டிருக்கிறது. இஷ்ரத்துக்கு இது இப்போதுதான் தெரிந்தது, நேற்றிலிருந்து அந்த வீட்டில் தட்டுகள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படுகின்றன.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், படித்தவள் நீ, தள்ள வேண்டியதைத் தள்ளு. நாற்பது பக்கத்தையும் கிழிக்காதே. கவிதை அதேதான், எழுத்தின் அழகைப் பற்றி, வண்ணத்தைப் பற்றி, ஓரத்தில் வரைந்த ரோஜாவைப் பற்றி நீ எழுதியதெல்லாம் அப்படியே நிற்கும், நீ இங்கே வைத்துவிட்டுப் போன பிரதியை யதுல்லாவிடம் படித்துக் காட்டினேன், ரோஜாவைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்றார். பேசுகிற ஆளை மட்டும் மாற்று. போகிறவன் பேசவில்லை, நிற்கிறவள் பேசுகிறாள். இதை வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் அம்மாக்கள் யாரும் நாற்பது பக்கம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, நம் லாரி படத்துக்குக் கீழே 'எழுதியவர் பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தாய். இப்போது தெரிந்துவிட்டது. போடு.

பார்சலில் உலர்ந்த எலுமிச்சை, பிஸ்தா போட்ட மிட்டாய், அப்பா தேர்ந்தெடுத்த காலுறை, பச்சை நிறம், மன்னித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, குளிர் போய்விட்டது என்று தலையை ஈரத்தோடு விடாதே. அந்த அம்மாளுக்கும் ஒரு டப்பா மிட்டாய் வைத்திருக்கிறேன், லஞ்சம் என்று நினைத்துவிடப் போகிறார்கள், குழு கூடி முடிந்த பிறகு கொடு. இறைவன் உன் வாயில் வார்த்தையையும் கையில் பலத்தையும் வைக்கட்டும், உன் முகம் எங்கேயும் வாடாமல் இருக்கட்டும். சீட்டுகளின் நகலை ஒழுங்கு மாறாமல் வை, மறந்துவிடாதே.

உன்னைத் தினமும் நினைக்கும் அம்மா,
ஷம்சி

பின்குறிப்பு: பலகை வெளுத்திருக்கிறது, தெளிவான படம் வேண்டும் என்று கேட்டிருந்தாய் அல்லவா, இன்று காலை யதுல்லா எழுத்தின்மேல் மறுபடி வெள்ளை வண்ணம் தீட்டிக் கொடுத்தார். அப்பா படம் எடுத்தார். எழுதியவளும் படத்தில் இருக்க வேண்டும் என்று என்னை நிற்கவைத்து, இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் என்றார். படம் நன்றாக வந்திருக்கிறது. எடுத்த கையோடு அவர் பந்தர் அப்பாஸுக்குக் கிளம்பினார், நான் தண்ணீர் ஊற்றினேன், டாக்ஸியில் கடைத்தெருவுக்குப் போனேன். இறங்கி வண்டிக்குப் பின்பக்கமாக நடந்தபோது டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "அக்கா, கொஞ்சம் அசையாம நில்லுங்க, கடைசி வார்த்தை மடிப்புல போயிடுச்சு" என்றார். இரண்டாவது வரி முழுவதும், ஈர வண்ணம் ஒட்டி, கண்ணாடியில் பார்த்தால் படிக்கிற மாதிரி இடம் வலம் மாறி, நான் போர்த்தியிருந்த கறுப்புச் சாதரின் முதுகில் இருக்கிறது. உன் அப்பா முதல் வரியோடு போய்க்கொண்டிருக்கிறார்.