முன் பிரேக் வயர்

ஜூலை 9

ஸ்பீடோமீட்டரைத் திறந்தேன். வளையத்தை நெம்பும்போது கண்ணாடி உடையவில்லை. அதனால் இன்று அக்காவுக்கு அடி இல்லை.

ஜூலை 11

வண்டி ஹரிசங்கர் சாருடையது. சென்னையில் இருக்கிறார். அவருடைய தாத்தா ஓட்டிய புல்லட். தஞ்சாவூர் வீட்டில் தேங்காய் மட்டைக்கும் உடைந்த நாற்காலிக்கும் அடியில் கிடந்ததாம். பழையபடி ஆக்கித் தரச் சொல்லி ரெமிஜியஸ் மாமாவிடம் கொடுத்திருக்கிறார். மாமா என்றால் ஜூலியட் அக்காவின் புருஷன். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. என்ஜினும் பெயின்டும் மாமா பார்ப்பார். மீட்டரும் வயர்களும் என் பொறுப்பு. என் விரல் சின்னது.

என்னை அவர் அடிக்க மாட்டார். "அடுத்தவன் வீட்டுப் பொண்ணு மேல நான் கை வைக்க மாட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். நான் ஒரு ஸ்குரூவைத் தொலைத்தால் உள்ளே போய் அக்காவை அடிப்பார். கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் அக்காவைத்தான். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, "உன் தங்கச்சி வேலையப் பாரு, பாரு" என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்வார். நான் பட்டறையில் உட்கார்ந்து அடுத்த ஸ்குரூவைத் திருகுவேன். கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் அதுவும் கெட்டுப் போகும்.

ஜூலை 14

ஞாயிறு. பூசையில் மாமா வாசகம் வாசித்தார். நல்ல குரல்.

ஜூலை 23

மீட்டர் முள்ளைக் கழற்றும் முன், அது எங்கே நின்றது என்று பென்சிலால் குறித்து வைத்தேன். குறிக்காமல் பிடுங்கினால் திரும்பப் போடும்போது முள் பொய் சொல்லும். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங். மூச்சுவிடக் கூடப் பயம்.

ஹரிசங்கர் சார் வந்திருந்தார். என் பக்கத்தில் குனிந்து, "ஏம்மா, உன் பேர் என்ன?" என்றார். பேர் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

"ஊமை மாதிரி சார். பேர் விண்ணரசி. விண்ணுக்கே அரசி, வாயத் தொறக்க மாட்டா" என்றார் மாமா.

"அப்படியா? என் ஆத்துக்காரிக்குக் கொஞ்சம் கத்துக்குடுக்கச் சொல்லுங்கோ!"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஒன்பதாம் வகுப்பிலும் இப்படித்தான். எழுந்து படி என்றால் நிற்பேன், எழுத்தெல்லாம் தெரியும், வாய்தான் வராது. ஒரு மாதம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அப்புறம் நான் போகவில்லை. அம்மா உயிரோடு இல்லை. அப்பா திருப்பூரில் இன்னொரு வீட்டில் இருக்கிறார். அக்காதான் கூட்டி வந்தாள்.

ஆகஸ்ட் 4

கிளட்ச் வயரை நானே செய்தேன். முனை இழைகளைப் பூ மாதிரி விரித்து, முனையில் மாட்டும் பித்தளைக் குண்டுக்குள் நுழைத்து, ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டும். விரிக்காமல் ஊற்றினால் பார்க்க அழகாக இருக்கும், இழுத்தால் கழன்று வந்துவிடும். நான் விரித்தேன். இழுத்துப் பார்த்தேன். என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

கிளட்ச் வயரில் இரண்டு இழை போய்விட்டதாம். மாமா கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "நல்லாப் பாத்துக்க. இதுல எவனாவது போயி விழுந்து செத்தான்னா?"

பிறகு அதே வயரின் சுருள்கம்பி மேலுறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆகஸ்ட் 7

அக்காவின் முதுகில் எண்ணெய் தடவினேன். மேலுறையின் சுருள் அப்படியே பதிந்திருக்கிறது. அக்கா அழவில்லை. "நீ தப்பில்லாம செஞ்சாப் போதும்டி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

நான் எங்கே தப்பு செய்தேன்? அந்த வயரை வைத்து நெடுநேரம் பார்த்தேன். இழுபட்டு அறுந்த இழையின் முனை மெலிந்து நீண்டிருக்கும். இது தட்டையாக இருக்கிறது. என் கட்டிங் பிளையர் பட்டிருக்குமோ. பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 19

ஒவ்வொரு வயரையும் முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். அறுந்தது எப்படி இருக்கும், வெட்டுப்பட்டது எப்படி இருக்கும் என்று விரலால் காட்டினேன். அக்காவும் தடவிப் பார்க்கிறாள். கோயிலில் மாதா பாதத்தைத் தொடுவாளே, அப்படி.

செப்டம்பர் 2

மீட்டர் முள் நடுங்குகிறது. கேபிளின் மேல் முனையில் கிரீஸ் கூடிவிட்டது. கழற்றித் துடைத்து, மேலே கொஞ்சம் இடம் விட்டு, கீழே மட்டும் கிரீஸ் வைத்தேன். நடுக்கம் நின்றது. மாமா பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. மாதாவே, உமக்கு நன்றி.

செப்டம்பர் 20

எழுதலாமா, வேண்டாமா?

சாயங்காலம் பெஞ்சுக்கு அடியில் விழுந்த வாஷரைத் தேடிக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே வந்தார். நான் இருப்பது தெரியாது. புல்லட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன் பிரேக் வயர் முனையை மூடியிருந்த ரப்பர் உறையை மேலே தள்ளினார். கட்டிங் பிளையரை எடுத்தார். நறுக். ஓர் இழை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் வெட்டினார். பாதிக்கு மேல் போயிருக்கும். ரப்பரைப் பழையபடி இழுத்து மூடினார். வாயில் மாதா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்.

நான் செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. கிளட்ச் வயரும் நல்லாத்தான் இருந்திருக்கும். அந்தக் கண்ணாடிக் கீறல், அந்தத் தொலைஞ்ச ஸ்குரூ, எல்லாமே... எதுல நான் தப்பு செஞ்சேன், எதுல செய்யல? நான் எவ்ளோ நல்லா செஞ்சாலும் அக்காவுக்கு அடி விழத்தான் போவுது. நல்லா செய்யச் செய்ய அவருக்கு வெட்ட வேண்டியிருக்கு. அவ்ளோதான்.

ராத்திரியே வேறு வயர் மாற்றிவிடலாம். மாற்றினால் நான் பார்த்தேன் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அக்காவை என்ன செய்வார்? காலையில் அவரே "கண்டுபிடிப்பார்". நாளைக்கு ஓர் அடி. விட்டுவிடுகிறேன்.

செப்டம்பர் 21

அவர் கண்டுபிடிக்கவில்லை. பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஹரிசங்கர் சார் காரில் வந்து இறங்கிவிட்டார். கழுத்தில் பெரிய கேமரா.

"ரெமிஜியஸ், இன்னிக்கு ஃபோட்டோ எடுத்துடலாம். தாத்தாவும் பாட்டியும் இந்த வண்டியில ஆத்துப்பாலத்துல போற மாதிரி ஒரு படம் எங்காத்துல இருக்கு. அதே மாதிரி நீங்களும் உங்க வொய்ஃபும். பட்டுப்புடவை கட்டிக்கச் சொல்லுங்கோ."

மாமாவுக்கு முகம் பூரித்துவிட்டது. புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். வயர் ஞாபகம் இல்லையா? இருந்து, சார் முன்னால் சொல்ல வெட்கப்பட்டாரா? பாலம் வரைக்கும்தானே, தாங்கும் என்று நினைத்தாரா? ஒரு தடவை ரப்பரைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அக்கா கல்யாணப் புடவையில் வந்தாள். முதுகு மறைய முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். சார், "பேஷ்! அப்படியே பாட்டி மாதிரி" என்றார். அக்கா சிரித்தாள். அவள் பல்லைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மாமா உதைத்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. "ஏறுடி."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வழக்கம்போல வரவில்லை. கை வந்தது. பெஞ்சிலிருந்த கழிவு ஆயில் டின்னை எடுத்து அக்காவின் புடவை மேல் கவிழ்த்துவிட்டேன்.

இடுப்பிலிருந்து பாதம் வரை கறுப்பு. அக்கா என்னைப் பார்த்த பார்வை. அடியெல்லாம் வாங்கியபோது கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மாமா கையை ஓங்கினார். சார் நிற்கிறார் என்று கீழே விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார், "போயிட்டு வந்து வச்சிக்கிறேன். உன்னைத்தான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டின்னைக் கீழே வைத்துவிட்டு, பிரேக் வயரைக் கையால் காட்டியிருக்கலாம். அதற்கு வாய் வேண்டாம். ஒரு விரல் போதும்.

காட்டவில்லை.

வண்டி போகிற சத்தம் நன்றாக இருந்தது. "நீங்க மட்டும் வாங்கோ" என்று சொல்லிவிட்டு சாரின் கார் அதற்கு முன்னாலேயே பாலத்துக்குப் போயிருந்தது.

செப்டம்பர் 22

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. வலது தொடை எலும்பு, வலது மணிக்கட்டு, இடுப்பு. உயிருக்குப் பயமில்லையாம்.

பாலத்துக்கு முன்னால் ரோட்டில் பாதிக்குக் குறுவை நெல்லைக் காய வைத்திருந்தார்கள், ஓரத்தில் கல் வைத்து. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேகமாக வந்தாராம். நெல்லைப் பார்த்து முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். சக்கரம் நிற்கவில்லை. நெல்லில் சறுக்கிக் கல்லில் போய்... சார் எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கிறார். வேண்டுமென்று இல்லை, எடுத்துக்கொண்டிருந்தாராம்.

செப்டம்பர் 25

எல்லோரும் நெல்லைத்தான் திட்டுகிறார்கள்.

செப்டம்பர் 30

வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. ஆறு மாதம் படுக்கை, அப்புறமும் நடப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

நெல் காய வைத்த பெரியநாயகசாமி ஐயா வந்தார். தோளில் ஒரு மூட்டை அரிசி. வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "எங்க போயி காய வைக்கிறது தாயி? களம் எல்லாம் வீடாயிருச்சு. ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டேனே." பங்கு இளைஞர்கள் அவரைக் கோயில் வாசலில் வைத்து ஆளுக்கு ஆள் திட்டினார்களாம். ஒருவன் சட்டையைப் பிடித்தானாம்.

மாமா படுத்தபடியே, "உன்னைச் சும்மா விட மாட்டேன்யா" என்றார். அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

எனக்கும் தெரியும். ஐயாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.



அக்டோபர் 8

வண்டியைச் சின்ன யானை வேனில் ஏற்றிப் பட்டறையில் இறக்கினார்கள். ஹரிசங்கர் சார் போனில், "அந்தப் பொண்ணே பண்ணட்டும், அவசரமில்லே" என்றாராம்.

அக்கா என்னைக் கூப்பிடாமலே பட்டறைக்குள் வந்தாள். ஹேண்டிலிலிருந்து தொங்கிய முன் பிரேக் வயரைப் பிடித்தாள். முனையைத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"இது அறுந்ததா, வெட்டுனதா?"

நான் விரலால் பிரித்துக் காட்டினேன். இதெல்லாம் வெட்டியது. மீதி அறுந்தது.

"நீயா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். உள்ளறையைக் காட்டினேன். எனக்குக் காட்ட வந்தது. இன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா கொடியைப் பார்த்தாள். கல்யாணப் புடவை, எத்தனை தடவை துவைத்தும் போகாத கறுப்போடு. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். நான் அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வயரைச் சுருட்டினாள். வாய்க்காலில் இப்போது தண்ணீர் நிறையப் போகிறது. வயரை அதில் போட்டுவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு சோறு வடித்தாள்.

பெரியநாயகசாமி ஐயாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அவர் அரிசிதான் வெந்தது.

அக்டோபர் 17

மாமா இடது கையால் தட்டை எறிந்தார். அக்காவின் மேல் படவில்லை. குறி தப்புகிறது.

நவம்பர் 5

மழை. நடவு வயலெல்லாம் தண்ணீர். பட்டறைக்கு வேறு ஆள் வரவில்லை.

புது முன் பிரேக் வயர் போடுகிறோம். அக்கா மேலுறையை நேராகப் பிடித்துக்கொள்கிறாள், நான் உள் வயரை நுழைக்கிறேன். வளைத்துப் பிடித்தால் உள்ளே இழை பிரியும் என்று ஒரு தடவைதான் காட்டினேன். அக்கா கையில் நடுக்கமே இல்லை.

உள்ளேயிருந்து டம்ளரைக் கட்டிலில் தட்டும் சத்தம். "தண்ணி" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏய் ஜூலியட், தண்ணி." கொஞ்சம் கழித்து, "ஜூலியட்டு, தொண்டை வறளுது, கொஞ்சம் தண்ணி குடும்மா."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரப்படாத. மெதுவா நுழை" என்றாள். "இது முடியட்டும். இன்னும் கிளட்ச் வயரு இருக்கு, மீட்டர் கேபிள் இருக்கு."

பிறகு உள்ளே எட்டி டிவியைச் சத்தமாக வைத்தாள்.