டெஸ்ஸாவுக்கு வாங்கிய துப்பாக்கி

அன்பு மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது. கப்பலில் நீயும் உன் கூட்டாளிகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் தங்கச்சி டெஸ்ஸாவும் சௌக்கியம். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். நம் டிரெய்லர் வீட்டின் அட்டைச் சுவர் உனக்குத் தெரியாததா, நான் பாத்ரூமில் தும்மினால் அவர் ஹாலில் இருந்து "கர்த்தர் காக்கட்டும்" என்கிறார். அதனால் முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில், சாப்பாட்டு இடைவேளையில், சூப்புப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நிலக்கரிச் சுரங்கத்தை மூடி வேலை போனதிலிருந்து அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தது உனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒருநாள் தன் பழைய கூட்டாளி ஹோபர்ட்டின் டிரக்கில் போகும்போது, "நான் இருக்கிறதைவிட இல்லாம போனா இவங்களுக்குப் பிரயோஜனம்" என்று சொல்லியிருக்கிறார். ஹோபர்ட் அதை என்னிடம் மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் வந்து, காப்பி குடித்துவிட்டு, "யப்பா வெர்னன், பெரிய இரும்பு அலமாரி ஒண்ணு வாங்கித் தொலைச்சிட்டேன், காலியா கெடந்து என் பொண்டாட்டி திட்டுறா. உன் துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் அதுல வச்சுக்கட்டுமா" என்றார். அப்பா எழுந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். மான் வேட்டைத் துப்பாக்கி, தாத்தாவுடையது, எல்லாம் ஐந்து, இரண்டு பேரும் போர்வையில் சுற்றி டிரக்கில் வைத்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படித்தான். ஹோபர்ட்டின் தம்பியிடமிருந்து இதே அப்பாதான் முன்பு போய்த் துப்பாக்கிகளை வாங்கி வந்து வைத்துக்கொண்டார், உனக்கு நினைவிருக்கும்.

இப்போது டெஸ்ஸா விஷயம். ஸ்கூல் துப்பாக்கி அணியில் பதினொரு பிள்ளைகள், இரவல் கொடுக்க ஆறு துப்பாக்கி. மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். ஹோபர்ட்டிடம் இருக்கிற தாத்தாவின் துப்பாக்கி அணில் சுடத்தான் லாயக்கு, அதன் குறி பந்தயத்துக்கு ஆகாது. இவள் நன்றாகச் சுடுகிறாள் ராய்ஸ், அம்மா என்பதால் சொல்லவில்லை. நன்றாகச் சுடுகிற பெண்ணுக்குக் காலேஜில் உதவித்தொகை உண்டு என்று கோச் சொல்கிறார். இந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போக ஒன்று பட்டாளம், இல்லையென்றால் போதை மாத்திரையைத் தின்று சவப்பெட்டியில் என்று ஆகிவிட்ட இடத்தில், என் பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வழி திறந்தது. அந்த வழிக்குப் போக வீட்டுக்குள் மறுபடியும் ஒரு துப்பாக்கி வர வேண்டும். என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? ஹோபர்ட் வீட்டில் வைக்கலாம் என்றால் பதினொரு மைல், இவளுக்கு வண்டி இல்லை. தினமும் அரைமணி நேரம் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நிற்கப் பழக வேண்டுமாம்.

டெல்மரின் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். முதலில் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தான். "லோரெட்டாக்கா, இதைப் பாரு, பத்து தோட்டா, விசையை அமுக்கினா டக் டக்னு போயிட்டே இருக்கும். இதைவிட மலிவா எங்கயும் கெடைக்காது" என்றான். நான் வேண்டாம் என்றதும், பொம்பளைப் பிள்ளைக்கு என்று ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்தான். உன் தங்கச்சி, "ரோஸ் கலர்னா குண்டு நேரா போகுமாண்ணே? இல்லேன்னா நீயே வச்சுக்க, உன் தாடிக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் மூலையில் இருந்து பழைய பாயிண்ட் டூ டூ ரகத் துப்பாக்கி ஒன்று வந்தது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, கண்ணருகில் துளை வைத்த குறி, கட்டையில் நாலு கீறல். டெஸ்ஸா தோளில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழேயே வைக்கவில்லை. நான் டெல்மரிடம் ஒன்றுதான் கேட்டேன், இந்தப் பின்பக்கத்து போல்ட் எவ்வளவு லேசாகக் கழன்று வரும் என்று. அவன் என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் அவனிடமிருந்து கேலியே வரவில்லை. விசையை அமுக்கிக்கொண்டு பின்னால் இழுத்தால் விரல் நீளத்துக்கு அந்த இரும்பு கையோடு வந்துவிடும் என்று மூன்று தடவை செய்து காட்டினான். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். நான் கேட்காமலே விலையைக் குறைத்து, ஜிப் வைத்த உறையையும் சும்மா கொடுத்தான்.

வீட்டில் தூக்கிப் பிடித்துப் பழக போல்ட் வேண்டாம். செவ்வாயும் சனியும் சுடப் போகும்போது மட்டும் மாட்டினால் போதும். அதனால் அது என் யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருந்தது. தோட்டா எல்லாம் கோச்சிடம்தான், ஆனால் முப்பது வருஷம் வேட்டைக்காரன் குடியிருந்த வீடு, எந்த டிராயரின் மூலையில் எது உருண்டு கிடக்கிறதோ. போல்ட்டையும் கோச்சிடம் கொடுக்கலாம், ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் முழுக்க அப்பா பெயர் அடிபடும். அந்த மனுஷனுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

போன புதன்கிழமை நான் அதை மறந்துவிட்டேன். முந்தின நாள் டெஸ்ஸா சுட்டு வந்ததும் அதை வாங்கிப் பாக்கெட்டில் போட்டேன், அந்த யூனிஃபார்மில் சூப்பு கொட்டியிருந்ததால் அவிழ்த்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டேன், பாக்கெட்டைப் பார்க்கவே இல்லை. காலை பத்து மணிக்குக் கை துடைக்கத் தொட்டபோதுதான் பாக்கெட் காலி. வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஹோபர்ட்டைக் கூப்பிட்டு, "போல்ட் வீட்ல இருக்கு" என்றேன், அவர் டக்கென்று போனை வைத்துவிட்டார், அப்போதே கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். மேற்பார்வைக்காரி, "இடையில போனா கரும்புள்ளி விழும் லோரெட்டா, ஏற்கெனவே நாலு இருக்கு, ஆறானா வேலை போயிரும்" என்றாள். கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டுகிற வேலைக்கு இவர்கள் வைக்கிற கணக்கைப் பார். போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் போன் கேட்கவில்லையாம். மேஜையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் போல்ட். துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். துப்பாக்கி டெஸ்ஸாவின் அறையில் உறைக்குள், ஜிப் மூடியபடியே இருந்தது, நான் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்தபோது, "துணி போட எடுத்தேன். பாக்கெட்ல கெடந்துது. தண்ணில போட்டிருந்தா துரு ஏறியிருக்கும்" என்றார். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவரே, "நீ வச்சிருக்கிறது மொதல்லயிருந்தே தெரியும்டி, நடக்கும்போது அந்தப் பக்கமா சாயுற" என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் போல்ட்டை என் பக்கம் நகர்த்தி, "எடுத்துட்டுப் போ லோரெட்டா. இன்னைக்கு எனக்கு நல்ல நாள் இல்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் ஹோபர்ட் மூச்சு வாங்க வந்து நின்று, டிரக் பிரேக் சத்தம் போடுகிறது, வந்து பார் என்று அப்பாவை வெளியே கூட்டிப் போனார். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை, மூன்று பேருக்கும் தெரியும். சாயங்காலம் டெஸ்ஸாவிடம் சொன்னேன். "திருப்பிக் குடுத்துடலாம்மா, எனக்கு வேணாம்" என்றாள். கொடுத்துவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை, வைத்துக்கொள் என்று சொல்லவும் வரவில்லை. மனநல டாக்டர் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார், பதினொரு வாரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவசரம் என்றால் ஒரு நம்பர் இருக்கிறது, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். மலையைக் குடைந்து கரியை எடுத்துக்கொண்டு போகப் பத்தே நாளில் ரோடு போட்டார்கள், ஒரு டாக்டர் வர அந்த ரோடு போதவில்லை.

நீ அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, எனக்குத் தெரியும், அதனால் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று செய். சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நானும் டெஸ்ஸாவும் சுடப் போய்விடுவோம், துப்பாக்கி எங்களோடுதான் வரும், ஆனாலும் அவர் வீட்டில் தனியாக இருப்பார். அப்போது அவருக்குப் போன் போடு. இதைப் பற்றி எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. டிரக் பிரேக்கைப் பற்றிக் கேள், அவர் சொல்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிரு. வேளைக்குச் சாப்பிடு, காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே. கடலிலும் கரையிலும் கர்த்தர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

சனிக்கிழமை, நம் ஊர் நேரம் ஒன்பது. அவர் எடுக்கிற வரைக்கும் விடாமல் அடி.

போல்ட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே இதை எழுதும்
உன் அம்மா லோரெட்டா