படத்தில் வரும் களவாணி

அக்டோபர் 6, திங்கள்
காலையிலிருந்து சாரல். ஷெட்டில் பச்சை ஏலக்காய் இரண்டு ஜீப்பு லோடு. உலர்த்தும் பெட்டிகள் இரண்டும் ஓட்டத்தில்.

சென்னை சினிமா இயக்குநர் மூன்றாம் முறையாக வந்தார். காய் பொறுக்கப் போனவள் உலர்த்தும் பெட்டி செய்து முதலாளி ஆன என் கதையைப் படமாக எடுக்கப் போகிறார். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் உறுத்தல். இன்றைக்கும் அதே கேள்வி: பெட்டிக்கு முதலில் படம் வரைந்தது யார்? நான்தான் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்பவர் இதை மட்டும் எழுதவில்லை.

வாங்க வேண்டியது: சாக்கு ஊசி, சர்க்கரை, இருமல் மருந்து.

8, புதன்
ஜீப்பு ஓட்டும் கணேசன் சொன்னது: "சினிமாக்காரங்க காரு சிலமலையில பாண்டி அண்ணே வீட்டு முன்னால நின்னுச்சுக்கா."

பாண்டி. வெல்டிங் பட்டறைக்காரன். தொடக்கத்தில் என் கூட்டாளி. பெட்டி என் கண்டுபிடிப்பு என்று ஊர் பேசத் தொடங்கியதும் ஒன்றும் சொல்லாமல் விலகினான். ஆறு வருடமாகப் பேச்சில்லை. இப்போது என்ன? பெட்டி தன்னுடையது என்கிறானா?

இயக்குநருக்குப் போன் போட்டேன். சும்மா இடம் பார்த்தார்களாம். அங்கே போய் என்ன இடம்? பொய்.

9, வியாழன்
படம் எடுக்க என் சம்மதம் கேட்டுக் கையெழுத்துக்குக் காகிதமும் கதைச் சுருக்கமும் வந்தன. இரண்டு முறை படித்தேன். என் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஊர் இதே ஊர். கூட்டாளி ஒரு வெல்டர். அவள் வரைந்த படத்தைத் திருடி விற்கிறான். கடைசியில் ஊர் கூடியிருக்க மன்னிப்புக் கேட்கிறான்.

நான் இப்படிச் சொல்லவில்லை. தனியாகச் செய்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். எல்லாப் பேட்டியிலும்.

மட்டும்தான்.

10, வெள்ளி
சிலமலை போனேன். பஸ்சில் நிற்க இடமில்லை. பாண்டி பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தான். நன்றாக நரைத்துவிட்டது. உட்காரச் சொன்னான். மோர் வந்தது.

இயக்குநரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். எதுவும் சொல்லவில்லையாம். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து கேட்டாராம், போடவில்லையாம்.

"மகளுக்குத் தையில கல்யாணம்க்கா. படத்துல வர்ற களவாணி நாந்தான்னு ஊருக்குத் தெரியாமப் போகுமா? நீங்களா அப்பிடிச் சொன்னீங்க?"

இல்லை என்றேன்.

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

மோரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

இங்கேயாவது எழுதுகிறேன். அவன் பட்டறைத் தரையில், சாக்பீஸால், அவன்தான் வரைந்தான். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி, விரட்டியவர்களிடமே திரும்பப் போய்ப் பெட்டியை விற்றது நான். அதுவும் சின்ன வேலை இல்லை. ஆனால் வரைந்தது அவன்.

12, ஞாயிறு
இயக்குநர் வந்தார். உள்ளதைச் சொன்னேன். "ஜெயிக்கிற கதைக்கு ஒரு வில்லன் வேணும்க்கா" என்றார். இருந்தால் அது நான்தான் என்றேன். சிரித்தார், நான் சிரிக்கவில்லை. நான் கையெழுத்துப் போடாத காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். படம் அவ்வளவுதான். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உள்ளதைச் சொல்லிவிட்டேன், படம் இல்லை என்று பாண்டிக்குப் போனில் சொன்னேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டான். வேறு என்ன எதிர்பார்த்தேன்? இதைச் சொல்லியும் நல்ல பெயர்தான் வாங்கப் பார்க்கிறேனோ. என் மேலேயே சந்தேகம்.

14, செவ்வாய்
வெயில். துணி காய்ந்தது.

பாண்டி ஷெட்டுக்கு வந்தான். என்னிடம் வரவில்லை. இரண்டாவது பெட்டியின் கதவோரம் கையை வைத்துப் பார்த்தான். சூடு கசிகிறதாம், எத்தனை நாளாக இப்படி என்றான். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். காய் பொறுக்கும் பெண்கள் யார் இவர் என்று கேட்டார்கள்.

"இந்தப் பெட்டியச் செஞ்சவரு" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவன் திரும்பவில்லை. இந்த ஸ்பானர் சேரவில்லை, பதினாலாம் நம்பர் வேண்டும் என்றான்.