பாட்டு நின்ற நேரம்

ஜனவரி 24, வெள்ளி

நாளை மாலை ஐக்கிய ஜெபக்கூட்டம். பிரேசர் டவுனில் எங்கள் ஒரே தெருவில் மூன்று சபைகள்: எங்கள் பழைய சி.எஸ்.ஐ. கோயில், எதிரே கத்தோலிக்கக் கோயில், முனையில் ஹார்டுவேர் கடை மாடியில் பாஸ்டர் சுனிலின் பெந்தெகொஸ்தே சபை. மூன்றையும் சேர்த்து உட்கார வைக்கும் பொறுப்பை எங்கள் போதகர் தியோடர் ஐயா என் தலையில் கட்டிவிட்டார்.

இதுவரை முடிவானது டீயும் பிஸ்கட்டும்தான். மைக் முதலில் யாருக்கு? தெரியாது. "சிஸ்டர் லீனா, ட்ரம்ஸ் இல்லாம நம்ம ஜனங்க பாடமாட்டாங்க" என்கிறார் சுனில். ட்ரம்ஸ் என்றாலே தியோடர் ஐயா காதைப் பொத்திக்கொள்கிறார். மாடி வீட்டு மௌரீன் கத்தோலிக்கர். ஜெபமாலை சொல்ல விடுவீர்களா என்று கேட்டாள். விடுவோமா? எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

நடந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், கத்தோலிக்கர் மறுபக்கம், சுனிலின் ஆட்கள் வாசலோரம் நின்றபடியே. கடைசியில், இயேசு கற்றுத்தந்த ஜெபத்தையாவது எல்லாரும் சேர்ந்து சொல்லலாம் என்றோம். நாங்கள் "பிதாவே" என்றோம், அவர்கள் "தந்தையே" என்றார்கள். அடுத்த வரியிலேயே ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெட்கப்பட்டு ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் மௌரீன், "ஒரே அப்பாவ கூப்பிட நமக்கு ரெண்டு தமிழ் வேண்டியிருக்கு, பாத்தியா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 11

அடுத்த வருஷம் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று தியோடர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

மே 19, திங்கள்

விடாத மழை. ஹார்டுவேர் கடைக்குப் பக்கத்து மனையில் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளம் குளமாகக் கிடக்கிறது. சுனிலின் சபையில் சுவர் கசிந்து வயரிங் போய்விட்டதாம். மௌரீனின் கணவர் க்ளென் எலக்ட்ரீஷியன். நாளை அங்கேதான் வேலை. "கத்தோலிக்கன் வயர் இழுத்தா அவங்க மைக் பேசுமா?" என்று படியிறங்கும்போது கேலி செய்துவிட்டுப் போனார்.

மே 20, செவ்வாய்

சபைக் கட்டடம் இடிந்துவிட்டது. க்ளென் உள்ளே. போகிறேன் —

மே 21, புதன்

நேற்று நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும். விட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

பள்ளத்து ஓரம் மண் சரிந்து, கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரம், கடையில் யாருமில்லை. மாடியில் மூன்று பேர்: க்ளென், சுவரைப் பூச வந்த கொத்தனார் முனிகிருஷ்ணன், சபையைப் பெருக்க வந்த சோனியா. நான் போனபோது மௌரீன் தெருச்சேற்றில் உட்கார்ந்திருந்தாள். முனிகிருஷ்ணனின் மனைவி லட்சுமம்மா அல்சூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியவள், யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராகப் போய்க் கையாலேயே கற்களைத் தள்ளப் பார்த்தாள். போலீஸ் இழுத்து நிறுத்தியது.

முதலில் சுனிலின் ஆட்கள் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். கத்தோலிக்கப் பெண்கள் மௌரீனைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னார்கள். நாங்கள் எங்கள் கீர்த்தனையைத் தொடங்கினோம். மூன்றும் ஒன்றோடொன்று மோதி ஒரே இரைச்சல். இங்கேயும் போட்டியா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், யாரும் யாரையும் கவனிக்கவே இல்லை. எல்லார் கண்ணும் அந்த இடிபாட்டின் மேல். மழையில் நனைந்துகொண்டு, தொண்டை கட்டும்வரை பாடினோம்.

அப்போது மீட்புப் படை அதிகாரி மெகாஃபோனில் கன்னடத்தில் கத்தினார்: "சும்மனிரி! எல்லரூ சும்மனிரி!" எல்லாரும் சும்மா இருங்கள், கீழே உயிர் இருந்தால் ஏதாவது சத்தம் வரும், அதைக் கேட்க வேண்டும், ஒரு மூச்சுச் சத்தம்கூட வேண்டாம் என்றார்.

நின்றது. எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது.

உரக்கக் கூப்பிடாத ஜெபம் ஜெபமே இல்லை என்று பிரசங்கம் செய்கிற சுனில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். மௌரீனின் விரல்களில் மணிகள் நகர்ந்தன, உதடு அசையவில்லை. தியோடர் ஐயா அவளுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே முழங்காலிட்டிருந்தார். தெரு நிறைய ஜனம். கைக்குழந்தைகூட அழவில்லை. தகரத்தில் மழை விழுவது மட்டும்.

என் வாழ்நாளில் நான் அப்படி ஜெபித்ததில்லை. வார்த்தை இல்லை. எதையும் கேட்டு மன்றாடவும் இல்லை. அத்தனை பேரும் ஒரே காதாகிவிட்ட மாதிரி. அப்புறம் — இதை எப்படி எழுதுவது? — எங்களோடு சேர்ந்து இன்னொருவரும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி. எங்களைவிட எவ்வளவோ பெரியவர். மயிர்க்கூச்செறிந்தது. பயம்தான். ஆனால் ஓடிப்போகத் தோன்றாத பயம்.

டொக்.

அதிகாரி கையைத் தூக்கினார்.

டொக், டொக்.

அப்போதும் யாரும் கத்தவில்லை. கண்ணீர் வழிய அப்படியே இருந்தோம், மீட்புப் படையினர் சத்தம் வந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை.

இருட்டுவதற்குள் சோனியாவை எடுத்தார்கள். அப்புறம் க்ளென். ஒரு கால் நசுங்கியிருந்தது, உயிர் இருந்தது. முனிகிருஷ்ணனை இன்று காலையில்தான் எடுத்தார்கள். லட்சுமம்மா அழாமல் நின்றாள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 23, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சோனியாவைப் பார்த்தேன்.

"மேல பாட்டு கேட்டுச்சு ஆன்ட்டி. எல்லாம் கலந்து கேட்டுச்சு, யாரு என்ன பாடறாங்கன்னு ஒண்ணும் வெளங்கல. ஆனா ஆளுங்க இருக்காங்கன்னு தைரியமா படுத்திருந்தேன். திடீர்னு நின்னுடுச்சு. அய்யோ, விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு பயந்துட்டேன். அதான் கையில கெடச்ச கல்லால பைப்ப தட்டினேன்."

பாடியிராவிட்டால் அவள் மனசு தளர்ந்திருப்பாள். நிறுத்தியிராவிட்டால் தட்டியிருக்கவே மாட்டாள். இந்த ஒழுங்கை யார் போட்டது? மைக் யாருக்கு என்று மல்லுக்கு நின்ற நாங்களா?

ஆனால் முனிகிருஷ்ணன்? அடுத்த வார்டில் இருக்கும் க்ளென் சொன்னார்: இடிந்ததும் கொஞ்ச நேரம் அவர்தான் பேசிக்கொண்டிருந்தாராம். "சார், கால ஆட்டாதீங்க, கல்லு எறங்கும்." அப்புறம் பேச்சு இல்லை. ஏன் அவர் மட்டும்? கேட்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை விடவும் மாட்டேன்.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

இடமில்லாமல் நின்ற சுனிலின் சபைக்குக் கத்தோலிக்க ஃபாதர் தங்கள் ஹாலைக் கொடுத்துவிட்டார். பூசை முடிந்ததும் இவர்கள் ஆராதனை. நாற்காலிகள் எங்கள் கோயிலிலிருந்து. ட்ரம்ஸ் அடித்ததும் மாதா சிலை வைத்த கெபி மேலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. "காதே போச்சுப்பா" என்றாள் மௌரீன். ஆனால் எழுந்து போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சாயங்காலம் மூன்று சபையும் ஜெபிக்க அந்த ஹாலில் கூடினோம். யாரும் என்னை ஏற்பாடு செய்யச் சொல்லவில்லை. தானாக வந்தார்கள்.

லட்சுமம்மாவும் வந்தாள். கூப்பிட்டிருந்தோம், வருவாள் என்று நினைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சுனில் அவளிடம் போய், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க சாமிகிட்ட நீங்க என்ன கேப்பீங்களோ, எனக்கு அது தெரியாது. எங்க வீட்டுக்காரரு பேர மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு எல்லாரும் சும்மா இருந்தீங்களே, அதே மாதிரி கொஞ்ச நேரம் இருங்க. போதும்."

சுனிலும் ஃபாதரும் தியோடர் ஐயாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். க்ளென் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முனிகிருஷ்ணன்" என்றார்.

யாரும் அசையவில்லை. அன்றைக்குத் தெருவில் வந்து நின்றதே, அது மறுபடியும் வந்தது. ஹால் முழுக்க.

லட்சுமம்மா அப்போதுதான் அழுதாள். மௌரீன் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.