பிறகு வருவார்

2025 மே 27, செவ்வாய்

லிஸ்பன் ரிக்கற்றைக் கான்சல் பண்ணவா என்று மகள் மெலிசா கேட்டாள். என் மனுசன் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் எடுத்து வைத்தது, எங்கள் நாலு பேருக்கும். மாசியில் அவரை அடக்கம் செய்தோம்.

கனடாவுக்கு வந்த பிறகு குடும்பமாக எங்கேயும் பறந்ததில்லை. அவருக்கு எயார்ப்போட்டில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஊரார் பெட்டி எல்லாம் ஏற்றினார், எங்களுடையதை ஒரு நாளும் ஏற்றவில்லை. லிஸ்பனிலிருந்து வருகிற பெட்டிகளைப் பற்றி மட்டும் வீட்டில் வந்து சொல்லுவார். "கருவாடு மணக்குதப்பா, எங்கட பேசாலைக் கரையிலை இறங்கினமாதிரி. எங்கட சனம்மாதிரி ஆக்கள்தான் அங்கை இருப்பினம். ஒருக்காப் போய்ப் பாப்பம்."

"அப்பா இல்லாமல் என்னத்துக்கு?" என்றான் மகன் மரியோ.

போவோம் என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது.

யூன் 3

பல் டொக்டரின் ஒவ்வீசிலிருந்து போன். அவரைக் கேட்டார்கள். நான் போனை மெலிசாவிடம் கொடுத்தேன். அவள்தான் சொன்னாள். எல்லா இடத்திலும் அவள்தான் சொல்கிறாள். இந்த வாயால் அந்தச் சொல்லை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. வருகுதில்லை. நான் சொன்னால் அது முடிஞ்சுபோயிடும்போல கிடக்கு.

யூன் 9

பிளேனுக்குள் இருந்து பெட்டி ஏற்றுகிறவர்களைப் பார்த்தேன். அவருடைய உயரம் ஒருவருக்கும் இல்லை.

யூன் 10, லிஸ்பன்

தெரு எல்லாம் ஏற்றம். எங்களுக்கு மேல்மாடியில் அறைகள். வீட்டுக்காரி கீழே இருக்கிறா, காலைச் சாப்பாடு அவதான் தருவா. கறுப்புச் சட்டை, பெரிய குரல். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு நாலு விரலைக் காட்டினா. மரியோ போனை நீட்ட, அது அவ சொன்னதை இங்கிலீசில் சொன்னது.

"அப்பா எங்கையாம்," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"பிறகு வருவார் எண்டு சொல்லு."

என்னையே பார்த்தான். பிறகு அப்படியே போனுக்குச் சொன்னான். பாவம் பிள்ளை.

யூன் 11

காலையில் நாலு கோப்பை வைத்திருந்தா. அவருக்கென்று வெட்டின பாணைத் துணியால் மூடியிருந்தா. பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரில் அவர் இன்னும் சாகவில்லை.

பின்னேரம் ஒரு பழைய கடைக்குள் போனோம். சுவர் முழுக்கக் காய்ந்த மீன். அதே மணம்தான், அவர் சொன்னது சரி. போய்ச் சொல்ல வேணும் என்று நினைத்தேன் — ஆருக்கு?

யூன் 12

இன்றைக்குச் சிரித்தேன். எழுதி வைக்கிறேன்.

"பாண் காணும், இனி வேண்டாம்" என்று மரியோவிடம் சொன்னேன். வீட்டுக்காரி திரும்பிப் பார்த்து "பௌங்!" என்றா. அவர்களுக்கும் அது பாண்தானாம். நான் இருந்த கதிரையைத் தொட்டுக் கதிரை என்றேன். "கதெய்ரா!" மேசை — "மேசா!" காலில் கிடந்த சப்பாத்து — "சப்பாத்து!" குசினி, சன்னல், சாவி, ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தொட்டு வீடு முழுக்கச் சுற்றினோம்.

"அம்மா, யூ ஸ்பீக் போர்ச்சுகீஸ்!" என்று மரியோ கத்தினான்.

"போடா, உது தமிழ்."

"அம்மாவை இங்கையே விட்டிட்டுப் போவம், அறை வாடகைக்கு ஈடாக் காணும்," என்றாள் மெலிசா. அவள் பகிடி விட்டு எத்தனை நாள்.

அந்தோனியார் பிறந்ததும் இந்த ஊரில்தானாம். நாளைக்குத் திருநாள். நாங்கள் அவரைப் பதுவை ஊர்க்காரர் என்று நினைத்து, பதுவை, பதுவை என்று மன்றாடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

யூன் 13

தெருவெல்லாம் மீன் சுடுகிறார்கள், பாட்டு, சனம். அதற்கு நடுவில் மெலிசா அழத் தொடங்கிவிட்டாள்.

"அந்த மனிசி ஒவ்வொரு நாளும் கேக்குது, டாட் எப்ப வாறார் எண்டு. ஒவ்வொரு நாளும் நான் பொய் சொல்லுறன். ஐ கான்ட், அம்மா. நீங்கள் சொல்லாததெல்லாம் நான்தான் சொல்லவேணும். இப்ப உங்கட பொய்யையும் நான் சொல்லவேணுமோ?"

அவளுக்கும் தகப்பன்தானே செத்தது. நான் என்ரை சோகத்தை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திட்டன். அவளை ஆர் பாத்தது?

யூன் 14

பிள்ளைகள் எழும்ப முதல் தனியே கீழே போனேன். வீட்டுக்காரி பாண் வெட்டிக்கொண்டிருந்தா. சுவரில் ஒரு கிழவரின் படம். யார் என்று கையால் கேட்டேன். தன் நெஞ்சைத் தொட்டு "வியூவா" என்றா. என் காதுக்கு அது விதவை என்றே விழுந்தது.

நானும் என் நெஞ்சைத் தொட்டேன். "வியூவா."

அவவுக்கு விளங்கவில்லை. நாலாவது கோப்பையைக் காட்டினா.

"செத்துப்போனார்," என்றேன். தமிழில். கொஞ்சம் சத்தமாய் வந்துவிட்டது. "என்ரை மனுசன் செத்துப்போனார்."

என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேணும். கத்தியை வைத்துவிட்டு என்னை ஏசத் தொடங்கினா. கோப்பையைக் காட்டி, பாணைக் காட்டி, மேலே பிள்ளைகளின் அறையைக் காட்டி — ஒரு சொல்லும் விளங்கவில்லை, நல்ல ஏச்சு என்று மட்டும் தெரிந்தது. மாசியிலிருந்து என்னை ஒருவரும் ஏசவில்லை. எல்லாரும் நோயாளியோடு கதைக்கிறமாதிரித்தான் கதைத்தார்கள். நின்று முழுதும் வாங்கினேன்.

ஏசிக் களைத்துப்போய், பக்கத்தில் வந்து இருந்தா. அவருக்கென்று மூடி வைத்த பாணை எடுத்துப் பிய்த்தா. பாதி எனக்கு, பாதி தனக்கு. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

யூன் 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். உடுப்புத் தோய்த்தேன்.

யூலை 6, ஞாயிறு

மில்லிக்கன் பிளாசாவில் மீன் வாங்கப் போனோம், மெலிசாவும் நானும். கடை வாசலில் டெனிஸ்டன் நின்றான். முந்தி என் மனுசனோடு பெட்டி ஏற்றினவன், பிறகு எட்மன்ரனுக்குப் போனவன். ஓடி வந்தான்.

"அன்ரி! எங்கை அங்கிள்? இன்னும் கார் விட இடம் தேடுறாரோ?"

மெலிசா வாயைத் திறந்தாள். நான் அவளின் கையைப் பிடித்தேன்.

"அங்கிள் செத்துப்போனார், தம்பி. மாசியிலை."

அந்தப் பெரிய பொடியன் மீன் பையோடு நின்றபடியே அழுதான். நான் முதுகைத் தடவிவிட்டேன். பக்கத்துக் கடையில் இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். எப்படி அன்ரி, என்ன நடந்தது என்று கேட்டான்.

மெலிசா தன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன்.