திசைகாட்டியும் 412ஆம் இதழும்

பிப்ரவரி 8, 1987, ஞாயிறு

லீட்ஸில் சங்கக் கூட்டம். பதினொரு ஆண்கள், நான் ஒருத்தி, மூன்று கேக். பையன்களுக்கான பழைய பத்திரிகைகளைச் சேர்க்கும் இடத்தில் இந்தக் கிழவிக்கு என்ன வேலை என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒருவர் ‘பெனன்ட்’ வார இதழ் 412 கொண்டுவந்திருந்தார். மூச்சே நின்றுவிட்டது. கடைசித் தாளைத் திருப்பினால் — ஓட்டை! இதோடு ஏழு பிரதி பார்த்தாயிற்று, ஏழிலும் கூப்பனை வெட்டியிருக்கிறார்கள். இலவசத் திசைகாட்டிக்காக இங்கிலாந்தில் ஒரு பையன்கூட கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை போலிருக்கிறது. கூப்பனின் பின்பக்கம்தான் தொடர்கதையின் முடிவு. பள்ளிக்கூட வெள்ளிக்கோப்பையைத் திருடியது யார்?

பிப்ரவரி 9

எங்கள் வீட்டுப் பிரதியை வெட்டியது என் அண்ணன் வில்ஃப்ரட். 1931. அவனுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது. பின்பக்கத்தை அவனும் படிக்கவில்லையாம். சமையல்காரன்தான் திருடன் என்று நான், கணக்கு வாத்தியார் என்று அவன். ஐம்பத்தாறு வருஷமாக இதே சண்டை.

மார்ச் 3

சங்க மடலில் நான் போட்ட விளம்பரத்துக்குப் பதில்! ஸ்கிப்டனில் மெட்காஃப் என்பவர். அவருடைய 412இல் கூப்பன் முழுசாக இருக்கிறதாம். இதழ் வந்த 1931 அக்டோபரில் அவர் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்திருக்கிறார். தொற்றிவிடும் என்று அங்கிருந்து ஒரு கடுதாசிகூட வெளியே விடமாட்டார்களாம். உள்ளே போன புத்தகங்களை எரித்துவிடுவார்களாம். இதை மட்டும் பனியனுக்குள் செருகிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குள் கூப்பனுக்குக் கெடு முடிந்துவிட்டது.

பணம் வேண்டாமாம். அந்தத் திசைகாட்டியைக் கொடுத்தால் இதழைத் தருவாராம்.

திசைகாட்டி இருக்கிறது. அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்.

மார்ச் 4

கேட்டேன்.

“போடி இவளே! யுத்தத்துல, டோப்ருக் பாலைவனத்துல, என் பாக்கெட்லயே இருந்தது அது.”

“வடக்கையே காட்டாத திசைகாட்டி!”

“நான் திரும்பி வந்தேனா இல்லையா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மார்ச் 5

மெட்காஃபுக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். ஏனோ தபாலில் போடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் சாப்பிட வந்தான். மேஜைமேல் கிடந்த மெட்காஃப் கடிதத்தை எடுத்துப் படித்தான். குழம்பு ஆறிப்போகிற அளவுக்கு மெதுவாக.

“ஆறு வாரம். அம்மாவுக்குக்கூட எழுத விடலையா?”

“விடலையாம்.”

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். பிறகு, “ஸ்கிப்டனுக்கு எத்தனை மணிக்கு பஸ்?”

மார்ச் 14

போய்வந்தோம். மெட்காஃப் ரயில்வேயில் இருந்தவர், வாசலை அடைக்கிற ஆள். திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“என்னங்க, இது தெற்கைக் காட்டுது?”

“எப்பவும் அப்படித்தான்,” என்றான் அண்ணன், ஏதோ தான் வளர்த்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் 412ஐ அவன்தான் முதலில் பிடுங்கினான். “மடிக்காதே, அண்ணே! தைச்ச கம்பி துருப்பிடிச்சிருக்கு!” என்று நான் கத்த, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கடைசிப் பத்தியைப் படித்தான். மூடினான். முகம் புளித்துப்போயிருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

சமையல்காரன்!

நான்தான் அப்போதே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. இரண்டே முறைதான் சொன்னேன். அண்ணன் என்னோடு பேசவில்லை, ஆனால் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பும்போது காலிக் கோட் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வாசலில் நின்றபடி கேட்டான்:

“அந்த மெட்காஃப் தனியாத்தானே இருக்கார்? வர்ற ஞாயிறு சாப்பிட வரச் சொல்லேன்.”

“சொல்றேன்.”

“வரும்போது அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு.”