தோசைக்கல் விரிப்பு

நாகப்பூர்,
மே 1994

அன்புள்ள தங்கை கோமு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் நர்ஸ் விடுதிக்கு மேலாளர் பளபளவென்று பாலியெஸ்டர் விரிப்புகளை வாங்கிவிட்டார். ராதாபுரத்துப் பெண் முத்துராணி, "ஆச்சி, தோசைக்கல்லுல படுத்த மாதிரில்லா இருக்கு" என்றாள். கான்வென்டில் படுக்கை விரிக்கக் கற்ற வார்டன் நான், சும்மா இருப்பேனா? "நீங்களே படுத்துப் பாருங்கள்" என்று உச்சிவெயில் நேரத்தில் மேலாளரை அந்த விரிப்பில் படுக்க வைத்தேன். சட்டை முதுகோடு ஒட்ட எழுந்தவர் மறுநாளே பருத்தி விரிப்புகளை வரவழைத்தார். இப்போது பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இங்கத்திய நெசவு எனக்கு முரடு. வண்ணார்பேட்டையில் ஒரு விரிப்பு வாங்கி, கஞ்சி போக நம் ஆற்றில் அலசு. நாலு நாள் நீ விரித்துப் படு. பிறகு துவைக்காமல் அனுப்பு.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன் அக்கா,
லோகநாயகி